ரூவானுக்கு ஒரு நாள் தாருங்கள்: தமிழ்ப் பள்ளி நிர்வாகிகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு திறந்த மடல்

பாரிசிலும் அதன் புறநகர்களிலும் தமிழ்ப் பள்ளிகளை நடத்திவரும் நிர்வாகிகளுக்கும், அங்கே ஊதியம் பாராமல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளை வகுப்புக்குள் அனுப்பிவிட்டு மழையோ குளிரோ வாசலிலே காத்து நிற்கும் தாய் தந்தையருக்கும் என் அன்பான வணக்கம்.

கோடை விடுமுறைக்கு முன்னர் பிள்ளைகளை ஒரு நாள் சுற்றுலா கூட்டிச் செல்வது நமது பள்ளிகள் பலவற்றில் வழக்கம். வருகின்ற ஆண்டில் அந்த ஒரு நாளை ரூவான் நகருக்குத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன். சென்ற ஆண்டு என் தங்கையின் மகள் படிக்கும் பள்ளியில் சுற்றுலாவுக்கான கூட்டம் நடந்தபோது நானும் அங்கே இருந்தேன். ரூவானின் பெயரைச் சொன்னேன். "பழைய கல்லையும் வேதக்கோயிலையும் பார்க்கப் பிள்ளைகளை அவ்வளவு தூரம் ஏன் கொண்டுபோக வேண்டும்?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். கேட்டதில் பிழையில்லை. அவருக்கு அங்கேயே தக்க விடை சொல்ல எனக்கு வாய் வரவில்லை; கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குப் போவதென்று முடிவாயிற்று. அன்று சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன்.

நான் வரலாறு படித்தவன் அல்லன். இருபத்திரண்டு ஆண்டுகளாக ரூவானின் பழைய நகர்ப்பகுதியில் உணவகக் குசினிகளில் வேலை செய்கிறேன். மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து இரவுக்கான வேலை தொடங்கும் வரைக்கும் இடையில் மூன்று மணிநேரம் ஓய்வு கிடைக்கும். என் அறை நதிக்கு அப்பால் தொலைவில் இருந்ததால் வந்த புதிதில் அந்த மூன்று மணிநேரத்தையும் தெருவிலேதான் கழித்தேன். ரூவானில் மழைக்குக் குறைவில்லை. மழை வந்தால் ஒதுங்குவதற்கு ஆலயங்கள் திறந்திருந்தன. ஒதுங்கப் போன இடத்தில் பார்க்கத் தொடங்கினேன், பார்த்ததைப் பற்றி நூலகத்தில் வாசித்தேன், பிறகு ஒவ்வொரு தெருவாகத் தேடிப் போனேன். அப்படி மெல்ல மெல்ல வந்ததுதான் எனக்கு இந்த நகரத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம்.

பாரிசின் சான் லசார் நிலையத்தில் தொடருந்து ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணிநேரத்தில் ரூவானில் இறங்கிவிடலாம். செய்ன் நதிக்கரையில் அமைந்த, நோர்மாந்திப் பிராந்தியத்தின் பழைய தலைநகர் இது. நூறு மணிக்கூண்டுகளின் நகரம் என்று இதற்கொரு பெயர் உண்டு. அழகான நகரங்கள் பிரான்சில் ஏராளம். அழகுக்காக மட்டும் நான் உங்களை அழைக்கவில்லை. இந்த நகரம் பலமுறை எரிந்தது, குண்டு பட்டது, ஒவ்வொரு முறையும் திருத்தப்பட்டது. எந்தக் கல் எப்போது விழுந்தது, எதை எந்த ஆண்டில் மீண்டும் வைத்தார்கள் என்பதை இன்றும் சுவரிலே கைவைத்துக் காட்டலாம். நமது வீடுகளில் ஊரில் நடந்த போரைப் பற்றி ஒன்றில் பேசவே மாட்டோம், அல்லது பேசத் தொடங்கினால் குரல் உயர்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நின்று, ஒரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அமைதியாகப் பேசுவதற்கு ஏற்ற இடம் ஒன்று நமக்குத் தேவைப்படுகிறது. எனக்குத் தெரிந்த அளவில் அந்த இடம் ரூவான்.

பேராலயத்திலிருந்து தொடங்குகிறேன். அதன் முகப்பின் முன் நிற்கும் எந்தப் பிள்ளையும் முதலில் கேட்பது, இரண்டு கோபுரங்களும் ஏன் ஒரே மாதிரி இல்லை என்பதுதான். இடப்பக்கக் கோபுரத்தின் அடிப்பகுதி 12ஆம் நூற்றாண்டுக்குரியது. 1200ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு இரவில் மூண்ட தீ, அப்போதிருந்த ஆலயத்தின் பெரும்பகுதியை அழித்தபோது அது தப்பி நின்றது. வலப்பக்கக் கோபுரம் அதற்கு மூன்று நூற்றாண்டுகள் பிந்தியது; பெயர் 'வெண்ணெய்க் கோபுரம்'. கிறிஸ்தவர்கள் நோன்பிருக்கும் தபசு காலத்தில் வெண்ணெய் உண்பதற்குத் தடை இருந்த அந்த நாட்களில், அத்தடையிலிருந்து விலக்குப் பெறுவதற்காக மக்கள் செலுத்திய காசில் அது எழுந்தது என்பது ஊர் சொல்லும் கதை. நோர்மாந்தியின் சமையலில் வெண்ணெய்க்கு உள்ள இடத்தை நாள்தோறும் கட்டி கட்டியாக வெட்டும் கையோடு அறிந்தவன் என்பதால், ஒரு கோபுரம் கட்டும் அளவுக்குக் காசு சேர்ந்திருக்கும் என்பதை நம்புவது எனக்குக் கடினமாக இல்லை.

இரண்டு கோபுரங்களுக்கும் பின்னால், ஆலயத்தின் நடுவிலிருந்து எழும் கூம்பு கல்லாலானது அன்று, வார்ப்பிரும்பு. அங்கே முன்பு மரத்தாலும் ஈயத்தாலும் ஆன கூம்பொன்று நின்றது. 1822 செப்டெம்பர் 15 அன்று மின்னல் தாக்கி அது முழுவதும் எரிந்தது. இனி எரியாத பொருளால் கட்ட வேண்டும் என்று எண்ணிய கட்டடக் கலைஞர் அலவுவான் இரும்பைத் தேர்ந்தெடுத்தார். அக்காலத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. வேலை இழுபட்டு இழுபட்டு, அவர் இறந்து நெடுங்காலத்துக்குப் பின் 1876இல்தான் நிறைவுற்றது. 151 மீற்றர் உயரத்தில் அது அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு உலகின் மிக உயர்ந்த கட்டடமாக இருந்தது. பிரான்சில் இன்றும் இதைவிட உயர்ந்த ஆலயம் கிடையாது. 1999 டிசெம்பரில் வீசிய பெரும் புயலில் அக்கூம்பின் மூலையில் நின்ற சிறு கூம்புகளில் ஒன்று பெயர்ந்து, கூரையைப் பிளந்துகொண்டு ஆலயத்துக்குள் விழுந்தது. அதையும் திருத்தினார்கள்.

2024 ஜூலை 11 அன்று நண்பகலில் நான் குசினியில் நின்றேன். வெளியே ஆட்கள் கத்தும் சத்தம் கேட்டு மேலங்கியோடு தெருவுக்கு ஓடி வந்து பார்த்தபோது, கூம்பின் உச்சியைச் சுற்றியிருந்த சாரத்திலிருந்து கரும்புகை எழுந்துகொண்டிருந்தது. என் பக்கத்தில் நின்ற முதிய பெண்மணி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஐந்து ஆண்டுகளுக்கு முன்னர் பாரிசின் நோத்ர் தாம் எரிந்ததை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருந்தோம். எல்லோர் மனத்திலும் அதே காட்சி. நல்ல காலம், திருத்த வேலைக்காகச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் விரிப்புகளில் பற்றிய தீ அது. தீயணைப்புப் படையினர் விரைவாக அடக்கிவிட்டார்கள், எவருக்கும் உயிர்ச்சேதமில்லை. அலவுவானின் இரும்பு நின்றது. அன்று மாலை சதுக்கத்தில் ஊர்ச்சனம் கூடி நின்று மேலே பார்த்துக்கொண்டே இருந்தது. ஓவியர் மோனே 1892இலும் 1893இலும் இந்த முகப்புக்கு எதிரே அறை எடுத்து, காலை, நண்பகல், மாலை என்று வெளிச்சம் மாற மாற இதையே முப்பதுக்கும் குறையாத தடவைகள் வரைந்தார். அவர் பார்த்துக்கொண்டு நின்ற அதே இடத்தில்தான் நாங்களும் அன்று நின்றோம்.

பேராலயத்திலிருந்து நதியை நோக்கி இறங்கி நடந்தால் சற்றுத் தூரத்தில் பழைய வீடுகள் சட்டென்று நின்றுவிடும். அதற்கப்பால் எல்லாம் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய கட்டடங்கள். இந்த எல்லையைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் விட்டுவிடாதீர்கள். 1940 ஜூனில் ஜெர்மன் படை நகருக்குள் நுழைந்த நாட்களில் பேராலயத்துக்கும் நதிக்கும் இடையிலிருந்த தெருக்கள் எரிந்து சாம்பலாயின. 1944 ஏப்ரல் 19 இரவு விழுந்த குண்டுகள் பேராலயத்தின் தெற்குப் பக்கத்தை உடைத்தன. மே 30 தொடங்கி ஜூன் 5 வரை பாலங்களைக் குறிவைத்துத் தொடர்ந்து குண்டு பொழிந்த நாட்களை ஊர் மக்கள் இன்றும் 'சிவப்பு வாரம்' என்றே சொல்கிறார்கள். அந்த வாரத்தில்தான் பேராலயத்தின் இடப்பக்கக் கோபுரம் தீப்பற்றி, உள்ளே தொங்கிய மணிகள் உருகின. இந்தக் குண்டுகளை வீசியவர்கள் பகைவர்கள் அல்லர். நாட்டை மீட்க வந்த நேச நாட்டு விமானங்கள். ஆகஸ்ட் 30 அன்று கனடாப் படை நகரை விடுவித்தது. விடுதலையும் அழிவும் ஒரே திசையிலிருந்து வந்தன என்பதை இந்த ஊர் மறைப்பதில்லை, நினைவு நாட்களில் வெளிப்படையாகச் சொல்கிறது. பதினான்கு பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஆசிரியர்களும் ஆயத்தமாக வர வேண்டியிருக்கும்.

அடுத்தது பழைய சந்தைச் சதுக்கம். பிரான்சுக்காகப் போரிட்ட ஜோன் ஒஃப் ஆர்க் என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணை, மத விரோதி என்று தீர்ப்பிட்டு 1431 மே 30 அன்று உயிரோடு எரித்த இடம். பாடப்புத்தகத்தில் படித்த பெயர் என்பதால் பிள்ளைகள் எரித்த இடம் எது என்றுதான் தேடுவார்கள். உயர்ந்த சிலுவை ஒன்று அதைக் காட்டி நிற்கிறது. அவளைச் சாம்பலாக்கிச் செய்ன் நதியில் கரைத்தவர்களின் தீர்ப்பு 25 ஆண்டுகள் கழித்து, 1456இல், இதே நகரத்தில் பேராயரின் மாளிகையில் வைத்துச் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அந்த மாளிகை பேராலயத்தை ஒட்டியே இருக்கிறது. அதற்குள் இப்போது அவள் கதையைச் சொல்லும் காட்சியகம் நடக்கிறது.

ஆனால் அந்தச் சதுக்கத்தில் நான் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பது சிலுவைக்கு அருகில் அல்ல, அதை ஒட்டி நிற்கும் புதிய ஆலயத்தினுள். லூயி அரேத்ஷ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1979இல் திறக்கப்பட்ட ஆலயம் அது. வெளியிலிருந்து பார்த்தால் கவிழ்த்து வைத்த தோணி போலவும், கூரையின் கற்பலகைகள் மீன் செதில் போலவும் தோன்றும். முதன்முதலில் பார்ப்பவர்களுக்கு, நானூறு ஐந்நூறு ஆண்டு வீடுகளின் நடுவே இது என்ன என்றுதான் இருக்கும்; எனக்கும் அப்படித்தான் இருந்தது. உள்ளே போனால் ஒரு பக்கச் சுவர் முழுவதும் 16ஆம் நூற்றாண்டின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். அவை இந்த ஆலயத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. சான் வன்சான் என்றொரு ஆலயம் அருகிலே இருந்தது. 1939இல் போர் வருவது தெரிந்ததும் அதன் கண்ணாடிகளைக் கழற்றிப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். 1944இல் குண்டு விழுந்து அந்த ஆலயம் அழிந்தது. கண்ணாடிகள் இருந்தன, அவற்றை மாட்டுவதற்குச் சுவர் இல்லை. ஆண்டுக்கணக்கில் அவை பெட்டிக்குள் கிடந்தன. கடைசியில் அந்தக் கண்ணாடிகளுக்கு ஏற்ற அளவில் ஒரு சுவரை வைத்து, அந்தச் சுவருக்கு ஏற்றபடி ஓர் ஆலயத்தைக் கட்டினார்கள்.

பெட்டிக்குள் கிடந்த அந்த ஆண்டுகளைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். வீட்டை விட்டு ஓடும்போது நம்மவர்களும் சிலவற்றைக் கழற்றி எடுத்துக்கொண்டுதானே ஓடினோம்? என் அம்மா சாமிப்படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு நடந்தார். சட்டம் வீட்டோடு போயிற்று. படம் இன்று என் அறையில் இருக்கிறது. தமிழ்ப் பள்ளி நடத்துகின்ற உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. நீங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் வாடகை மண்டபத்தில் செய்வதும், கழற்றிக் கொண்டுவந்த கண்ணாடிக்கு ஒரு சுவர் தேடுகிற வேலைதான். அந்தச் சாளரங்களில் ஒன்றில் பதுவை அந்தோனியாரின் கதை இருக்கிறது. நமது கத்தோலிக்கப் பிள்ளைகள் அவரை உடனே இனங்கண்டுகொள்வார்கள். இன்னொன்றில் இரக்கச் செயல்களைத் தீட்டியிருக்கிறார்கள். மழை நின்று வெயில் எட்டிப் பார்க்கும் மாலை நேரத்தில் அந்தச் சிவப்பும் நீலமும் எதிரே அமர்ந்திருப்பவரின் முகத்தில் விழும். பிள்ளைகளைப் பத்து நிமிடம் பேசாமல் அங்கே உட்கார வையுங்கள், போதும்.

நமது பெற்றோரில் சிலருக்கு இங்கே ஒரு தயக்கம் வரும் என்பதை அறிவேன். சைவப் பிள்ளைகளை ஏன் வேதக்கோயில்களுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று கேட்கலாம். நானும் சைவன்தான். பிரான்சில் 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதற்கு முன் கட்டப்பட்ட பேராலயங்கள் அரசுக்கும் ஊர் ஆலயங்கள் நகரசபைக்கும் உரியவை. வழிபாட்டுக்காகத் திருச்சபையிடம் விடப்பட்டிருக்கின்றன. ஊர் ஆலயத்தின் கூரை ஒழுகினால் நகரசபைதான் தன் காசில் திருத்துகிறது. அந்தக் காசில் இந்த நாட்டில் வரி கட்டுகின்ற நமது பங்கும் இருக்கிறது. ஆகவே இந்த ஆலயங்களில் நாம் விருந்தாளிகளாக நுழையவில்லை. நம் பிள்ளைகள் இந்நாட்டுக் குடிமக்கள். இந்தக் கற்களைப் பேணும் பொறுப்பு நாளை அவர்கள் கைக்கு வரும். அவர்களில் ஒருவர் கட்டடக் கலைஞராகவோ, கண்ணாடி திருத்துபவராகவோ, நகரசபை உறுப்பினராகவோ இதே சுவர்களுக்கு முன் நிற்கக்கூடும்.

இனி, என்னை இந்த மடலை எழுத வைத்த இடத்துக்கு வருகிறேன். சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில் நீதிமன்ற மாளிகை இருக்கிறது. ஒரு காலத்தில் நோர்மாந்தியின் பாராளுமன்றம் என்றழைக்கப்பட்ட உயர் நீதிமன்றத்துக்காக, 1499க்குப் பிறகு படிப்படியாகக் கட்டப்பட்ட கட்டடம். கூரை விளிம்பெங்கும் நுணுக்கமான கல் வேலைப்பாடு, பனிக்கட்டியில் செதுக்கியது போலிருக்கும். 1944இல் மிகவும் சேதமடைந்தது. பெரும்பகுதியைத் திருத்தி எடுத்தார்கள். ஆனால் மேற்குப் பக்கச் சுவரில் குண்டுச் சிதறல் பட்ட காயங்களை மூடாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் தங்கை தன் மகளோடு என்னிடம் வந்திருந்தாள். பிள்ளைக்கு அப்போது எட்டு வயது. அந்தச் சுவரில் அவள் உயரத்துக்கு எட்டும் இடத்தில் ஒரு குழி. அதற்குள் சுட்டுவிரலை விட்டு இரண்டாவது கணு வரைக்கும் போவதைப் பார்த்துவிட்டு, "மாமா, இது யார் தோண்டினது?" என்று கேட்டாள். நான் சொல்வதற்கு முன்னர் தங்கை சொல்லத் தொடங்கினாள். முதலில் ரூவானைப் பற்றி இரண்டு வசனம். பிறகு யாழ்ப்பாணத்து நவாலியைப் பற்றி. 1995 ஜூலை 9 அன்று இடம்பெயர்ந்த மக்கள் தஞ்சம் புகுந்திருந்த சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் குண்டு விழுந்தபோது நாங்கள் அருகிலுள்ள ஊரில் இருந்தோம். எங்களுக்குத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அந்த நாளைப் பற்றி என் தங்கை தன் கணவரிடம்கூட அதிகம் பேசியதில்லை என்று பின்னர்தான் அறிந்தேன். அன்று அந்தச் சுவரின் முன் நின்று, அழாமல், அவசரப்படாமல், மகளுக்குச் சொல்லி முடித்தாள். பிள்ளை விரலை எடுக்காமல் கேட்டுக்கொண்டு நின்றது. இறுதியில், "அந்தச் சுவர் இப்பவும் இருக்கா?" என்று மட்டும் கேட்டது.

அதே மாளிகையின் முற்றத்துக்குக் கீழே இன்னொன்றும் இருக்கிறது. 1976இல் முற்றத்தின் தளத்தைத் திருத்தியபோது, ஏறத்தாழ 1100ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட யூதர்களின் கட்டடம் ஒன்று மண்ணுக்குள் வெளிப்பட்டது. பிரான்சிலுள்ள யூத நினைவுச்சின்னங்களில் மிகப் பழையது. அதன் சுவரில் யாரோ எபிரேய மொழியில், 'இந்த இல்லம் மேன்மை பெறுக' என்ற பொருளில் கீறி வைத்திருக்கிறார்கள். 1306இல் யூதர்கள் நாட்டை விட்டே துரத்தப்பட்டார்கள். அவர்களின் தெருவுக்கு மேலே நீதிமன்றம் எழுந்தது. தங்கள் மொழியில் கீறிய அந்த ஒரு வரி நூற்றாண்டுக் கணக்கில் காலடியில் கிடந்தது. உள்ளே போக முன்பதிவு செய்ய வேண்டியிருக்கும். குழுவாகப் போகும்போது முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

வீடுகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்த மனம் வராது. ரூவானில் மரச்சட்ட வீடுகள் ஏறத்தாழ 2,000 இன்னும் நிற்கின்றன. ஓக் மரத்தில் தூணும் விட்டமும் குறுக்குச் சட்டமும் கோத்து, இடைவெளிகளில் மெல்லிய மரச் சலாகைகளை வரிச்சாகக் கட்டி வைக்கோல் கலந்த மண்ணை அப்பிய வீடுகள். 'வரிச்சு' என்ற சொல்லைப் பிள்ளைகளுக்கு நான் ஊரில் காட்டியிருக்க முடியாது. அப்படிப்பட்ட வீடுகள் அங்கேயே அருகிவிட்டன. ரூவானில் தமியேத் தெருவில் வைத்துக் காட்டினேன். தெருவில் நடக்கும்போது சில வீடுகளின் மேல்மாடி கீழ்மாடியை விட முன்னுக்குத் தள்ளி நிற்பதைப் பார்ப்பீர்கள். நிலம் சிறிது, ஆள் கூட. மேலே போகப் போக வெளியே நீட்டிக் கட்டினார்கள். இரண்டு பக்க வீடுகளும் அப்படி நீட்டிக்கொண்டதால் தெருவுக்கு வெளிச்சமும் காற்றும் குறைந்தன. ஒரு வீட்டில் பற்றிய தீ எதிர்வீட்டுக்குத் தாவுவதும் எளிதாயிற்று. 1520இல் இப்படி நீட்டிக் கட்டுவதை நகரம் தடைசெய்தது. ஆகவே மாடி முன்னுக்குத் தள்ளிய வீட்டைக் கண்டால் அது 1520க்கு முந்தியது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிடலாம். என் மருமகள் ஒரே தெருவில் பதினொரு வீடுகளை எண்ணினாள்.

இந்த மரச்சட்டங்கள் எல்லாக் காலத்திலும் கண்ணுக்குத் தெரிந்தவையும் அல்ல. 18ஆம் நூற்றாண்டில் பல வீடுகளின் முகப்பைச் சாந்து பூசி மறைத்தார்கள். தீக்குப் பாதுகாப்பென்பது ஒரு காரணம், கல்வீடு போலத் தெரிய வேண்டும் என்ற விருப்பம் மற்றொன்று. போருக்குப் பிறகு, குண்டில் தப்பியது எவ்வளவு குறைவு என்று தெரிந்த பின்னர்தான், தச்சர்கள் அந்தச் சாந்தைச் சுரண்டி உள்ளே இருந்த மரத்தை வெளியே கொண்டுவந்து, உளுத்ததை மாற்றி, வண்ணம் தீட்டினார்கள். ஓ-த-ரொபெக் தெருவில் ஒரு காலத்தில் துணிக்குச் சாயம் போடுபவர்கள் நிறைந்திருந்தார்கள். அவர்களின் தொழிலுக்கு நீர் கொடுத்த ஓடை சாயத்தின் நிறத்தோடு தெரு நடுவே ஓடியதாம். நிமிர்ந்து பார்த்தால் சில வீடுகளின் உச்சிமாடி சுவரில்லாமல் திறந்திருக்கும். நனைந்த துணியைக் காற்றில் உலர்த்துவதற்காக விட்ட இடம் அது. செல்வர் வீடு வேறு விதம்: சதுக்கத்தின் அருகே பூர்தெரூல்ட் மாளிகையின் முற்றத்தில், 1520இல் பிரான்சின் அரசர் முதலாம் பிரான்சுவாவும் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியும் சந்தித்த காட்சியைக் கல்லில் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அது இப்போது உயர்தர விடுதி. எனக்கு அரசர்களை விடச் சாயக்காரரின் உச்சிமாடிதான் பிடிக்கும்.

அந்தத் தெருவுக்கு அருகிலேயே சான் மக்லூ ஆலயம். 1437இல் தொடங்கிய கட்டடம். தீ நாக்குகள் போல மேலெழும் கல் வேலைப்பாடு, வளைந்து நிற்கும் ஐந்து வாயில் வளைவுகள், செதுக்கிய மரக்கதவுகள். இதற்கும் 1944இல் பெருஞ்சேதம். திருத்தி முடித்து மீண்டும் முழுமையாகத் திறக்க 1980 ஆயிற்று. முப்பத்தாறு ஆண்டுகள்! இதை நான் பிள்ளைகளிடம் சொல்லும்போது பெற்றோர்தான் முதலில் கணக்குப் பார்க்கிறார்கள்.

அதன் பின்புறம், ஒரு சிறு வாயில் வழியாக உள்ளே நுழைந்தால் ஏத்ர் சான் மக்லூ என்ற நான்கு பக்க முற்றம். 1348இல் பெருங்கொள்ளை நோய் வந்து மாண்டவர்களைப் புதைக்க இடம் போதாமல் திறந்த இடுகாடு அது. 16ஆம் நூற்றாண்டில் மீண்டும் நோய் வந்தபோது, தோண்டியெடுத்த எலும்புகளை மேல்தட்டில் அடுக்கி வைப்பதற்காக முற்றத்தைச் சுற்றி மரச்சட்டக் கட்டடங்களை எழுப்பினார்கள். அதன் விட்டங்களில் மண்டையோடும், கைகால் எலும்பும், மண்வெட்டியும் மரத்திலே செதுக்கப்பட்டிருக்கின்றன. சிறு பிள்ளைகள் பயப்படுவார்களோ என்று கேட்பீர்கள். நான் கூட்டிப்போன பிள்ளைகள் எவரும் பயப்படவில்லை. பின்னர் அங்கே பள்ளிக்கூடம் நடந்தது, நெடுங்காலம் நுண்கலைக் கல்லூரி இருந்தது, 2020இல் திருத்தி மீண்டும் திறந்திருக்கிறார்கள். நடுவில் மரங்களும் புல்லும், இருக்க இடமும் உண்டு.

சாந்துவான் ஆலயத்தையும் விட்டுவிடாதீர்கள். நகரசபைக் கட்டடத்தை ஒட்டியிருக்கும் இந்தப் பழைய மடாலயக் கோயில் 1318இல் தொடங்கப்பட்டது. அளவில் பேராலயத்துக்கு நிகரானது. உள்ளே வெறிச்சென்ற அந்த நீளமும் உயரமும், 1890இல் கவாயே-கோல் என்ற கைவினைஞர் அமைத்த பெரிய ஓகன் இசைக்கருவியும் போதும். குரோ ஓர்லோஜ் என்ற பெரிய மணிக்கூடு நீங்கள் தேடாமலே வழியில் வரும். அதில் ஒரே ஒரு முள்தான், மணியை மட்டும் காட்டும். அதில் இருக்கும் ஆட்டுக்குட்டி உருவத்தைப் பிள்ளைகள் தேடிக் கண்டுபிடிக்கட்டும். நகரத்தின் சின்னமும் அதுதான்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவே. சித்திரை கடந்து, பகல் நீண்ட ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். மார்கழியில் வந்தால் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களைத் தனிக் குழுவாக்குங்கள். புறப்படுவதற்கு முன் இரண்டு வகுப்புகளில் தூண், விட்டம், கைமரம், வரிச்சு, வளைவு, சாளரம், கூம்பு என்ற சொற்களைப் படம் போட்டுக் கற்பித்துவிட்டு வாருங்கள்; அன்று முழுவதும் பிள்ளைகள் தமிழிலேயே கேள்வி கேட்கட்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் ஓடி ஓடிப் பார்க்க வேண்டாம். பேராலயம், சதுக்கம், நீதிமன்றச் சுவர், சான் மக்லூ என்ற நான்கு இடங்கள் போதும். நிலையத்திலிருந்து எல்லாம் நடை தூரம். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்தால் சாந்துவான் ஆலயத்தின் பின்னாலுள்ள பூங்காவில் இருந்து சாப்பிடலாம். முக்கியமாக, பெற்றோரும் வர வேண்டும். நீதிமன்றச் சுவரின் முன் நிற்கும்போது பிள்ளைகள் கேட்பதற்கு ஆசிரியர் விடை சொல்லிவிடக் கூடாது; தாயோ தகப்பனோ சொல்ல வேண்டும், அல்லது சொல்ல இயலாது என்றாவது சொல்ல வேண்டும்.

எனக்குத் திங்கட்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வு. நீங்கள் ஞாயிறு வருவதென்றால் இரண்டு கிழமைக்கு முன் பள்ளி வழியாகச் சொல்லி அனுப்புங்கள். காலைத் தொடருந்தில் வந்து இறங்குங்கள். நிலையத்து மணிக்கூட்டுக் கோபுரத்தின் கீழே குடையோடு நிற்பேன்.

அன்புடன்,
ரூவானில் வாழும் ஒரு சமையல்காரன்